எம்.எல்.ஏ. மறைந்த தொகுதி: அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. போன மாதம் காலமாகிவிட்டார். இடைத்தேர்தல் எப்போது வரும்? மகளுக்கு இப்போதுதான் 18 வயது நிறைந்தது. அவள் ஓட்டுப் போட முடியுமா? எனக்கு வேலை வெளியூரில்; அன்று லீவு கிடைக்குமா?

பதில்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 151ஏ பிரிவு, இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதம் கெடு வைக்கிறது. மறைந்தவரின் பதவிக்காலத்தில் மிச்சம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் இந்தக் கெடு பொருந்தாது. வால்பாறை எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி 2025 ஜூனில் காலமானபோது இடைத்தேர்தல் வராததற்கு அதுதான் காரணம். கெடு தாண்டியதும் உண்டு. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். பணப் பட்டுவாடா புகாரால் ஏப்ரல் தேர்தல் ரத்தாகி, ஆர்.கே.நகர் 2017 டிசம்பர் 21 அன்றுதான் வாக்களித்தது.

உங்கள் கேள்விகளில் அவசரமானது மகளுடையதுதான். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மாட்டார்கள். அந்த நாளோ சட்டென்று வந்துவிடும். ஈரோடு கிழக்கைப் பாருங்கள். திருமகன் ஈவெரா 2023 ஜனவரியில் மறைய, அவர் தந்தை இளங்கோவன் இடைத்தேர்தலில் வென்றார். அவரும் 2024 டிசம்பரில் மறைந்தார். அடுத்த இடைத்தேர்தல் 2025 ஜனவரி 7 அன்று அறிவிக்கப்பட்டது. மனுத்தாக்கல் 17ஆம் தேதியே முடிந்தது. நடுவில் பொங்கல் விடுமுறை வேறு! விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாள் பிடிக்கும். ஆகவே புதிய வாக்காளராகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6ஐ இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். 18 வயது நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில், முன்கூட்டியும் விண்ணப்பிக்கலாம்.

லீவு கிடைக்கும், சம்பளத்தோடு. அதே சட்டத்தின் 135பி பிரிவு இடைத்தேர்தலுக்கும் பொருந்தும், தினக்கூலிக்கும் பொருந்தும். வெளியூரில் வேலை செய்தாலும், உங்கள் பெயர் அந்தத் தொகுதிப் பட்டியலில் இருந்தால் போதும். முதலாளி முகம் சுளித்தால் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தேதி அறிவித்த உடனே தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிடும். மாநகராட்சிக்குள் இருக்கும் தொகுதி என்றால் தொகுதிக்கு மட்டும். மற்ற இடங்களில் மாவட்டம் முழுவதற்கும். பறக்கும் படை வண்டிகளை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பில்லோ வங்கிச் சீட்டோ கையில் இருக்கட்டும். கட்சிக்காரர்களைவிட, சந்தைக்குப் போகும் வியாபாரிதான் இதில் அதிகம் மாட்டுகிறார்.