சிற்றிதழின் பழைய இதழ்களை மின்னூலாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 1989 முதல் நண்பர்கள் சேர்ந்து ஒரு தமிழ்க் காலாண்டிதழ் நடத்தினோம். மலையாளக் கவிதைகளை மொழிபெயர்த்துப் போடுவோம், சில இதழ்களில் மலையாள மூலமும் பக்கத்திலேயே இருக்கும். முதல் பத்தாண்டு ஈய எழுத்து கோத்து அடிக்கும் டிரெடில் அச்சு. அவற்றில் தாள் பிரதி மட்டும் மிச்சம். 1999-க்கு மேல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை சிடிகளில் உள்ளன. கடைசிச் சில ஆண்டுகளின் இதழ்கள் யூனிகோடில். எல்லாவற்றையும் டிஜிட்டலாக்க ஆசை. ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் போதும் என்கிறார் ஒருவர். கிண்டிலில் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? எழுதியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

பதில்: முதலில் சிடிகளை எடுங்கள். டிரெடில் காலத்துத் தாள் பிரதிகள்தான் பழையவை, அவைதான் முதலில் அழியும் என்று தோன்றும். அப்படியில்லை. ஈரமும் கரையானும் படாமல் பெட்டியில் இருக்கும் தாள் இன்னும் பல ஆண்டு தாங்கும். வீட்டில் எழுதிய சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் பூச்சு. வெப்பத்திலும் ஈரத்திலும் அது மங்கிக்கொண்டே போகும், வெளியே பார்த்தால் தெரியாது. ஆடி மாதச் சாரலும் பங்குனி வெயிலும் மாறி மாறி அடிக்கும் உங்கள் ஊரில் அதற்கு நல்ல ஆயுள் எதிர்பார்க்க முடியாது. புதிய மடிக்கணினிகளில் சிடி போட இடமும் இல்லை. சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி இருந்தால், உரிமையாளரிடம் கேட்டு எல்லா சிடியையும் ஒரு ஹார்டு டிஸ்கில் அப்படியே நகலெடுங்கள். அன்றைக்கு எதையும் திறந்து திருத்த வேண்டாம். எழுத்துருக் கோப்புகள் தனி ஃபோல்டரில் கிடந்தால் அதைக் கட்டாயம் சேர்த்து எடுங்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு திறந்தாலும் பக்கம் முழுக்கப் புரியாத ரோமன் எழுத்தாகத்தான் இருக்கும்.

காரணம் இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள்தாம். ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் அம்மா தெரியும். தேடினால் அம்மா கிடைக்காது. ஸ்ரீலிபி, வானவில், செந்தமிழ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தும் அச்சகங்கள் கைக்குப் பழகிய எழுத்துருவை விடவில்லை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. பேஜ்மேக்கரோ 2001-இல் வந்த 7.0-வோடு நின்றுபோனது, யூனிகோட் தமிழ் அதற்குக் கடைசிவரை தெரியாது. உங்கள் சிடிகள் இந்த இடைவெளியில் மாட்டியவை.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லைப் பகுதி இதழ்களில் இது அடிக்கடி வரும். தமிழ் பாமினியில் இருக்கும். பக்கத்திலுள்ள மலையாளம் அநேகமாக ஐஎஸ்எம் மென்பொருளின் கார்த்திகா எழுத்துருவில் இருக்கும். இரண்டும் உள்ளே ரோமன் எழுத்துகளே. எல்லாவற்றையும் வெறும் உரையாக நகலெடுத்தால் எது தமிழ், எது மலையாளம் என்ற அடையாளமே போய்விடும். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் ‘மாற்றி’ மென்பொருளில் மொத்தமாகப் போட்டால் தமிழ் சரியாக வரும், மலையாளக் கவிதை அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கும் அதே கதிதான். ஆகவே பேஜ்மேக்கரிலிருந்து உரையை எடுக்கும்போது ஆர்டிஎஃப் வடிவத்தில் எடுங்கள். அதில் எந்த வரி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் கூடவே வரும். அப்புறம் வேர்டில் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடித் தமிழைத் தனியே பிரித்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றலாம். மலையாளத்தை அதற்கான மாற்றியில் போடுங்கள். பேஜ்மேக்கரே கிடைக்காவிட்டால், சிஎஸ்6 வரையிலான பழைய இன்டிசைன் மென்பொருள் பேஜ்மேக்கரின் பிந்தைய பதிப்புகளின் கோப்புகளைத் திறக்கும்.

மாற்றி முடித்ததும் யாராவது அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். வரி ஓரத்தில் கையால் உடைத்த சொற்கள் நடுவில் கோட்டோடு நிற்கும். பத்தி நடுவே என்டர் தட்டியிருப்பார்கள். கவிதையில் இதற்கு நேர்மாறு: அங்கே வரி உடைவது கவிஞரின் முடிவு. மென்பொருள் அதைச் சேர்த்துவிடாமல் பார்க்க வேண்டும். இந்த வேலையை மட்டும் காசு கொடுத்து வெளியே தள்ளாதீர்கள் என்பேன். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, மெய்ப்புப் பார்க்கும் மாணவர்களை அங்கே கேட்டுப் பாருங்கள். தமிழும் மலையாளமும் இரண்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

இப்படிக் கிடைக்கும் சுத்தமான யூனிகோட் உரைதான் உங்கள் மூலப் பிரதி. மின்னூல்களில் நீடித்து நின்றவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை உள்ளிட்டதிலிருந்து, இலவச மின்னூல்களைத் தரும் கூட்டன்பர்க் திட்டம் தொடங்கியது. அலங்காரமே இல்லாத வெறும் உரையை அது முதன்மையாக வைத்ததால், எத்தனை கணினி மாறியும் அந்த நூல்களைப் படிக்க முடிகிறது. தமிழில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே வழியில் வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து சங்க நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். இணைமதி எழுத்துருவிலிருந்து டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டுக்கும், டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் அந்த உரைகளை மாற்ற முடிந்தது, ஏனென்றால் கையில் இருந்தது உரை. வெறும் படமாக வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்ட வேண்டியிருந்திருக்கும்.

இனி டிரெடில் இதழ்கள். இவற்றுக்கு ஸ்கேன்தான் வழி. கைபேசியில் படம் பிடிக்காமல் தட்டையான ஸ்கேனரில், 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு) குறையாமல், முடிந்தால் 400-இல், வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தேய்ந்த அச்சின் புள்ளிகள் காணாமல் போகும். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்தே போச்சு. முதலட்டை, விளம்பரம், சந்தா அறிவிப்பு எதையும் விடாதீர்கள். அந்த ஊர்க் கடை விளம்பரங்கள் பின்னாளில் ஆராய்ச்சி செய்பவருக்குக் கட்டுரைகளைவிடப் பயன்படலாம்.

ஸ்கேனிலிருந்து உரை எடுக்க டெசராக்ட் இலவசமாகவே கிடைக்கிறது, கூகுள் டிரைவும் தமிழ் படிக்கும். இரண்டுமே இன்றைய புத்தகத்தைச் சுமாராக நன்றாகப் படிக்கும், பழைய ஈய எழுத்தில் தடுமாறும். ‘கரம்’ என்பது ‘காம்’ ஆகிவிடும்; தேய்ந்த அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிவதுதான் காரணம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகும், சிறிய அச்சகங்கள் கையிலிருந்த பழைய ஈய எழுத்தையே வைத்து ஓட்டின. கொக்கி போட்ட பழைய ‘லை’, ‘னை’ உங்கள் இதழிலும் இருந்தால் அந்தச் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். எல்லா இதழையும் உடனே திருத்தி முடிக்க நினைத்தால் இரண்டாம் வருடத்து இதழிலேயே சோர்ந்துவிடுவீர்கள். ஸ்கேனை முழுமையாக முடியுங்கள், பொருளடக்கத்தை மட்டும் தட்டச்சு செய்யுங்கள், உரைத் திருத்தம் மெதுவாக நடக்கட்டும்.

பிடிஎஃப் போதாதா என்று கேட்டீர்கள். அடோபி 1993-இல் பிடிஎஃப்பைக் கொண்டுவந்தது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சில் இருப்பது போலவே தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. 2005-இல் வந்த பிடிஎஃப்/ஏ என்ற நீண்டகாலச் சேமிப்பு வடிவம் எழுத்துருவையும் உள்ளேயே புதைத்து வைக்கும், உங்கள் ஸ்கேன்களை அப்படிச் சேமியுங்கள். படிப்பதற்கு அது தோதல்ல. டெமி அளவுப் பக்கத்தைக் கைபேசியில் விரலால் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் நகர்த்த வேண்டும். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலிருந்துகூடத் தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுவது சகஜம்.

படிக்கத் தரவேண்டியது இபப் என்ற மின்னூல் வடிவம். 2007-இல் இதற்கு ஒரு பொதுத் தரம் வந்தது. இப்போது அதைப் பராமரிப்பது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி. உள்ளே இருப்பது வலைப்பக்கம் போன்ற கோப்புகள்தாம், அவற்றை ஒரு ஜிப்பாகக் கட்டியிருக்கிறார்கள். திரையின் அகலத்துக்கு ஏற்ப உரை தானே மடங்கும். கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும். இபப் செய்யும் மென்பொருள்களான சிகில், காலிபர் இரண்டும் இலவசம், சுத்தமான உரை இருந்தால் ஓர் இதழை இபப் ஆக்குவது பெரிய வேலையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தமிழ்ப் பகுதிக்கும் மலையாளப் பகுதிக்கும் தனித்தனி மொழிக் குறியீடு கொடுங்கள். கொடுக்காவிட்டால் திரைவாசிப்பான் மலையாளக் கவிதையைத் தமிழ்க் குரலில் படிக்கப் பார்த்துக் குழம்பும்.

கிண்டிலில் தமிழ் நூல் போடலாம், அதில் தடையில்லை. ஆனால் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த 90 நாள் தவணை முழுக்க அதே மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது, இலவசமாகவும்கூட. எல்லோரும் படிக்கட்டும் என்று நடத்திய சிற்றிதழுக்கு இது பொருந்தாது. உங்கள் இதழில் தொடர்ந்து எழுதிய ஒருவரின் கதைகளை அவர் சம்மதத்தோடு தொகுத்தால், அந்தத் தொகுப்பைக் கிண்டிலில் விற்பது நல்ல யோசனை.

அனுமதி கட்டாயம் வேண்டும். இதழில் வெளியிட்டதாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், சிற்றிதழ்களில் யார் எழுதி வாங்கினோம்? பழைய ஒப்பந்தம் ஏதாவது இருந்தாலும், எழுதிய காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, அது செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. எழுதியவர் மறைந்திருந்தால், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுக்கு உரிமை வாரிசுகளுடையது. மொழிபெயர்ப்புக் கவிதைக்கு இரண்டு பேர் சம்மதம் தேவை: தமிழில் தந்தவர், மலையாளத்தில் எழுதியவர். அன்றைக்கு அந்தக் கவிஞரிடம் தொலைபேசியில் கேட்டுப் போட்டிருப்பீர்கள், இணையத்துக்கு மறுபடி கேளுங்கள். படைப்பின் பெயர், இதழ், எந்த வடிவங்களில் வெளியாகும், இலவசமா என்பதைச் சொல்லி ஒரு மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். மற்றவர்கள் இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட விருப்பமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். இதழ் முழுவதற்கும் நீங்களாக அந்த உரிமம் போட முடியாது. மலையாளக் கவிஞர்களுக்கு இது புரியாத விஷயமாகவும் இருக்காது. திருவனந்தபுரத்தில் சாயாஹ்ன ஃபவுண்டேஷன் இந்த உரிமத்தில் மலையாள நூல்களை வெளியிட்டு வருகிறது. தேடியும் ஆள் கிடைக்காத படைப்பை உங்கள் சேமிப்பில் வைத்துக்கொண்டு, பொதுப் பிரதியில் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். பொருளடக்கத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும், அதைப் பார்த்துப் பேரனோ பேத்தியோ தொடர்புகொள்ளக்கூடும்.

பொது இடத்தில் வைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் எளிது, செலவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள், பழைய இதழ்களை அவர்கள் சேர்க்கிறார்கள். எழுதியவர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கில எழுத்திலும் கொடுங்கள், கேரளப் பல்கலைக்கழகங்களில் தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடுவார் என்று சொல்ல முடியாது. பழைய இதழ்களுக்கு, நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் எண் வேண்டாம். இதழை மின்வடிவில் மறுபடி தொடங்குவதாக இருந்தால், தொடர் இதழ்களுக்கான ஐஎஸ்எஸ்என் எண் வாங்குங்கள். அச்சு இதழுக்கு ஏற்கெனவே இருந்தாலும் மின்னிதழுக்குத் தனி எண். டில்லியில் உள்ள தேசிய ஐஎஸ்எஸ்என் மையம் அதை இலவசமாகவே தருகிறது, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.