மூன்று 'ஃபைனல்' கோப்புகளில் எது உண்மையானது?

கேள்வி: எங்கள் ஆலய நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள், ரசீதுகள், உறுப்பினர் பாரங்கள் யாவும் ஒரே மடிக்கணினியில் உள்ளன. சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புவதற்காகப் பொதுக்கூட்டக் குறிப்பைத் தேடினால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புதிய ஃபைனல்' என மூன்று கிடைக்கின்றன. கோப்புகளுக்கு எவ்வாறு பெயரிடுவது?
– ஆலயச் செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: 'ஃபைனல்' என்ற சொல்லை முதலில் கைவிடுங்கள். பொதுக்கூட்டக் குறிப்பு அடுத்த பொதுக்கூட்டத்தில்தான் உறுதிப்படுத்தப்படுகிறது. அதுவரை 'வரைவு01', 'வரைவு02' என்றும், பிறகு 'உறுதியானது' என்றும் குறிப்பதே முறை. அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் சில செயலிகளில் பத்தாம் வரைவு இரண்டாம் வரைவுக்கு முன்னால் போய் நிற்கும்.

தேதியைப் பெயரின் தொடக்கத்திலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், கணினி இடமிருந்து வலமாக ஒப்பிடுவதால், எல்லா ஆண்டுகளின் 5ஆம் தேதிகளும் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலகத் தரம் சொல்வதும் இந்த வரிசையைத்தான். நம் மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களும் இதே வரிசையில்தான் பிறந்த தேதியைச் சொல்கின்றன. ஆகவே '2024-03-17_பொதுக்கூட்டம்_குறிப்பு_வரைவு01' என்பது போல எழுதலாம். இதில் வரவேண்டியது கூட்டம் நடந்த நாளே தவிர, தட்டச்சு செய்த நாள் அல்ல.

உறுப்பினர் பாரங்களில்தான் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெயரின் நடுவில் வரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பவற்றிலுள்ள சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. ஒருவர் அதற்குப் பதிலாகச் சிறுகோடு இடுவார், இன்னொருவர் சேர்த்தே எழுதுவார். ஒரே உறுப்பினர் இரண்டு இடங்களில் இருப்பார். உறுப்பினர் எண்ணை முதலிலும், அடுத்துச் சொந்தப் பெயரையும் தந்தை பெயரையும் எழுதி, அந்த இணைப்பை அடியோடு விட்டுவிடுங்கள். அடையாள அட்டை எண்ணைச் சேர்க்க வேண்டா. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கோப்பைத் திறக்காமலே அது எல்லார் கண்ணிலும் படும்.

ஓரிடத்தில் 'மினிட்', ஓரிடத்தில் 'குறிப்பு' என்று மாற்றி எழுதினால் தேடலில் பாதிதான் அகப்படும். எந்தச் சொல் என்பதைக் குழு ஒருமுறை முடிவு செய்யட்டும்.

பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்ற முனைய வேண்டா. திறக்க நேரும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அந்த மூன்று 'ஃபைனல்'களை மட்டும் இப்போதே, தலைவர் கையொப்பமிட்ட அச்சுப் பிரதியுடன் ஒப்பிட்டு, பொருந்துவதற்குப் புதுப்பெயர் இட்டு, மற்ற இரண்டையும் அழிக்காமல் 'பழையவை' என்ற தனி அடைவில் போட்டு வையுங்கள்.