வில்லுப்பாட்டு ஆல்பத்தை வேறு ஆட்கள் பாடினால் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரான ஓர் அண்ணாவியின் ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டைக் கிட்டாரும் கீபோர்டும் வைத்து வேறு கலைஞர்கள் பாடியிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது, ஆனால் கோயில் கொடை விழாவில் கேட்ட பாட்டு இது இல்லை, நாங்கள் செய்தால் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் கிளிக் டிராக் (ஒரே சீராகத் தட்டும் தாள ஒலி) போட்டுத்தான் தொடங்கியிருப்பீர்கள். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

வில்லுப்பாட்டு ஒரே வேகத்தில் போகாது. கதை சூடு பிடிக்கப் பிடிக்க வில்லைத் தட்டும் வீசுகோல் முந்தும், வசனம் வந்தால் தளரும். மூலப் பதிவைக் கணினியில் போட்டு, குட அடிக்கு ஒரு தட்டு என்று கையாலேயே தட்டி, அந்த ஏற்ற இறக்கத்தையே டெம்போவாக வையுங்கள். மென்பொருளின் சம இடைவெளிக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தினால் குட அடி சொல்லுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ விழும்.

அடுத்தது சுருதி. உடுக்கின் நடுக்கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். குடம் அப்படி இல்லை. அதன் வாயில் பத்தி என்கிற மட்டையால் அடிக்கும்போது வரும் 'கும்' குடத்தின் கொள்ளளவையும் வாய் அகலத்தையும் பொறுத்தது, திருகிச் சரிசெய்ய ஆணி கிடையாது. பாடுகிறவருக்கு எட்டவில்லை என்று சுருதியை இரண்டு கட்டை இறக்கிவிட்டுப் பழைய குடத்தையே அடித்தால், குடம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். முதலில் குடத்தை அடித்து டியூனர் செயலியில் பாருங்கள். அந்த ஒலியை ஸ-வாகவோ ப-வாகவோ வைத்துச் சுருதியை முடிவு செய்யுங்கள். இறக்கியே ஆக வேண்டுமா, பெரிய குடம் வாங்குங்கள். மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடித்து ஒலி உடையும். ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். வில்மணியின் சிணுக்கத்தை இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் தின்றுவிடும், அதனால் இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் வெட்டி எறிவது: பின்பாட்டுக்காரரின் 'ஆமா'. அண்ணாவி வரியை முடிக்கும் முன்பே அவர் கடைசிச் சொல்லைப் பிடிப்பார். அந்த இடைவெளியில்தான் அண்ணாவி மூச்சு வாங்குகிறார். 'ஆமா'வை எடுத்துவிட்டு கிட்டார் நிரப்பினால் பாடகர் வரி நடுவில் மூச்சு விட்டே ஆக வேண்டும். பிறகு 'பாட்டே திணறுது' என்பார்கள்.

இப்படிச் சொன்னால் பழமைவாதி என்று சிலர் வருவார்கள். மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அதே வில்லில் காந்தி கதையே பாடினார். கதையை மாற்றினார், வில்லும் குடமும் 'ஆமா'வும் அப்படியே நின்றன. கிட்டாரும் வரட்டும், குடத்தின் சுருதிக்கு வரட்டும்.

அனுமதி விஷயம். வில்லில் காலங்காலமாகப் பாடும் முத்துப்பட்டன் கதை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அந்த அண்ணாவி புதிதாகக் கட்டிய வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவுப்படி கவர் (அதே பாட்டை வேறு ஆள் பாடும் பதிவு) எடுக்க, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிய வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியும் உண்டு. அதிலும் அவசியமில்லாமல் சொல்லையோ இசையையோ மாற்ற முடியாது. ஆக, உங்கள் மாதிரி மாற்றிச் செய்பவர்களுக்கு நேரில் போய் எழுத்தில் வாங்குவதே வழி. 'மரபுப் பாடல்' என்று போட்டுவிட்டு நழுவுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கொடைக்கு லைட் மியூசிக் என்றால் ஆளுயர பாக்ஸ் சுவர் மாதிரி நிற்கும், வில்லுக்கு ஒரே ஒரு மைக். அதுவும் அண்ணாவியின் வாய்க்கு. குடத்துக்கு ஒன்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?