அறுபது வயது அம்மாவுக்கு இணையம் பழக்க எதில் தொடங்குவது?

சிங்கப்பூரின் ஈசூனில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இணையம் பழக்க எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் சிங்பாஸில் தொடங்காதீர்கள், மிரண்டுவிடுவார். பஸ் எப்போது வரும் என்று தேடிப் பார்க்கட்டும், அது போதும்.

அப்புறம் இணைய முகவரியை வாசிக்கப் பழக்குங்கள். 'எச்டிடிபிஎஸ்' பகுதியையும் அதை ஒட்டிய இரட்டைச் சாய்கோட்டையும் தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் அங்கே 'டாட் கவ் டாட் எஸ்ஜி' என்று முடியும். 'கவ்' நடுவில் எங்கோ இருந்தால் கணக்கில்லை. மோசடிக்காரர்கள் அப்படித்தான் ஏமாற்றுவார்கள். பூட்டுச் சின்னத்தையும் நம்பிவிட வேண்டாம், போலித் தளத்திலும் அது இருக்கும். சந்தேகமா, மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.

நேரில் கற்க, நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். வீட்டில் நீங்கள் உதவும்போது மட்டும் கைப்பேசியைப் பிடுங்கி நீங்களே தட்டாதீர்கள்.