தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? ஆங்கில வாக்கியங்கள் பற்றிக் கேள்வி பதில்

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: 'வாக்கியத்தைப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் தப்பு என்கிறார்கள். ஏன்?' ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண் விடுகிற தப்பைக் காது பிடிக்கும்.

கேள்வி: டீச்சர், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்கிறேன். வாக்கியத்தை மூன்று நான்கு துண்டாக்கி, எதில் தப்பு என்று கேட்கிறார்கள். முழுதாகப் படித்து யோசிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. தப்பான விடைக்கு அரை மதிப்பெண் போகும். அதனால் கண் போகிற போக்கில் தேடாமல், ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். அடுத்து, அதன் எழுவாய் எது என்று பாருங்கள். இவை இரண்டும் பொருந்தினால்தான் காலம், அப்புறம் 'இன்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொல், கடைசியில் 'எ', 'அன்', 'த' என்ற ஆர்ட்டிகிள்.

எழுவாயைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். 'த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ் ஆர் நாட் குட்.' இதில் 'மேங்கோஸ்' வினைக்குப் பக்கத்தில் நிற்பதால் 'ஆர்' சரி போலத் தோன்றும். இதையே மனசுக்குள் தமிழில் சொல்லுங்கள்: 'மாம்பழங்களின் தரம் நன்றாக இல்லை.' தமிழில் தலையான சொல் கடைசியில், வினையை ஒட்டி வந்துவிடுகிறது. நன்றாக இல்லாதது தரம், அது ஒருமை. ஆகவே 'இஸ்'.

இதே வழி 'த டீச்சர், அலாங் வித் ஹர் ஸ்டூடன்ட்ஸ், வேர் ப்ரெசன்ட்' என்பதற்கும் பொருந்தும். 'மாணவர்களோடு ஆசிரியர் வந்திருந்தார்' என்றுதானே சொல்வோம்? 'வந்திருந்தார்கள்' என்று நாக்கு வராது. ஆங்கிலத்திலும் 'வாஸ்'தான். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் எ டாக்டர்' என்று எழுதுகிறவர்களும் இதைச் செய்து பாருங்கள். 'என் நண்பர்களில் ஒருவர்.' 'கள்' வந்துவிட்டது, எனவே 'ஃப்ரெண்ட்ஸ்'. 'ஒருவர்' ஒருமை, எனவே 'இஸ்' அப்படியே இருக்கும்.

'நைதர்... நார்' மட்டும் இந்த வழிக்குள் வராது. வினைக்கு அருகில் இருப்பது எதுவோ அதைப் பார்க்க வேண்டும் என்பதே தேர்வு எதிர்பார்க்கும் விதி. 'நைதர் த மினிஸ்டர் நார் த ஆஃபிஸர்ஸ் வேர் ப்ரெசன்ட்.' இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. 'தப்பு இல்லை' என்ற விடையும் நிஜமான விடைதான். எல்லா வாக்கியத்திலும் தப்பு இருந்தே ஆக வேண்டும் என்று தேடினால், சரியான சொல்லும் தப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: 'வி டிஸ்கஸ்டு அபவுட் த ப்ராப்ளம்' தப்பு என்று மேலதிகாரி வட்டமிட்டுக் கொடுத்தார். 'பிரச்சினையைப் பற்றி' என்பதில் 'பற்றி' இருக்கிறதே?

இருக்கிறது. அதனால்தான் நமக்கு அந்த 'அபவுட்' அவ்வளவு இயல்பாக வருகிறது. ஆனால் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கிவிட்டது. 'பிரச்சினையை அலசினோம்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலசுவதற்குப் 'பற்றி' வேண்டாம், 'ஐ' போதும்.

இது ஒரு குடும்பமே. 'ரிக்வெஸ்டெட் ஃபார் லீவ்', 'ஆர்டர்டு ஃபார் காஃபி', 'எம்ஃபசைஸ்டு ஆன்', 'என்டர்டு இன்டு த ரூம்' எல்லாம் இதே தப்புதான். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இவற்றின் பெயர்ச்சொல் வடிவத்துக்கு அந்தச் சின்னச் சொல் தேவைப்படுகிறது. 'எ டிஸ்கஷன் அபவுட் த ப்ராப்ளம்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்', 'அன் ஆர்டர் ஃபார் காஃபி', 'எம்ஃபசிஸ் ஆன்' எல்லாம் சரி. வினை என்றால் வேண்டாம், பெயர் என்றால் வேண்டும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் பாதிப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நேர் எதிரான தப்பும் உண்டு: 'எக்ஸ்ப்ளெய்ன் மீ.' 'எனக்குக் கொடு' என்பது 'கிவ் மீ' ஆகும்போது, 'எனக்கு விளக்கு' மட்டும் ஏன் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஆகக் கூடாது என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 'எக்ஸ்ப்ளெய்ன்' விளக்கப்படும் விஷயத்தை மட்டும்தான் நேராக ஏற்கும். ஆளைச் சொல்ல 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெய்ன் த சம் டு மீ.'

கேள்வி: உயிரெழுத்தில் ஆரம்பித்தால் 'அன்' என்று படித்தோம். அப்புறம் ஏன் 'எ யூனிவர்சிட்டி'? எவ்வளவு விதிவிலக்கு இருக்கிறது?

விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. விதியைத்தான் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. தமிழர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அந்தச் சொல்லை உச்சரிப்பு மாறாமல் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் 'அன்'. உயிர்மெய்யாக இருந்தால் 'எ'.

அம்ப்ரெல்லா: 'அ', ஆகவே 'அன்'. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன்: 'யூ' உயிர்மெய், ஆகவே 'எ'. எம்.எல்.ஏ., எஸ்.பி., எஃப்.ஐ.ஆர்.: எல்லாம் 'எ'கரத்தில் தொடங்குவதால் 'அன் எம்.எல்.ஏ.', 'அன் எஃப்.ஐ.ஆர்.'. வி.ஏ.ஓ. என்றால் 'எ வி.ஏ.ஓ.'. 'நேர்மையான' என்பதற்கான சொல்லின் சரியான உச்சரிப்பு 'ஆனஸ்ட்', ஆகவே 'அன்'. அரை மணி நேரத்தை 'ஆஃப் அனவர்' என்று படிக்காதவர்கள்கூடச் சரியாகச் சொல்கிறார்களே, அவர்கள் காதால் கற்றவர்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று என்ற எண்ணை நாம் 'ஒன்' என்று எழுதுகிறோம், ஒலிப்பது 'வன்'. ஆகவே 'எ ஒன்-ரூபி காயின்'. இன்னொன்று, நம்மில் பலர் பேச்சில் 'எம்' என்பதை 'யெம்' என்கிறோம். அந்தப் பழக்கம் இருந்தால் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிதல்ல. 'ஒரு நகரம்', 'ஓர் ஊர்' என்று தமிழ் வகுப்பில் படித்ததும் இதே ஏற்பாடுதான்.

கேள்வி: 'எ' வர வேண்டிய இடம், 'த' வர வேண்டிய இடம் எப்படித் தெரியும்? தமிழில் ஆர்ட்டிகிளே இல்லையே.

சொல்லாக இல்லை, ஆனால் அந்த வேலையைச் செய்யும் உருபு ஒன்று இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வித்தியாசம் உங்கள் காதுக்குத் தெரிகிறதா? முதலாவது, ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' வந்தால் பெரும்பாலும் 'த', வராவிட்டால் 'எ'. எல்லா இடத்துக்கும் இது போதாது. எழுவாயாக வரும் சொல்லுக்கு உதவாது. ஆனால் 'த' என்ற சொல்லின் உணர்வு நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இடப்பெயர்களைத் தனியாகப் படித்தாக வேண்டும். ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் 'த': த காவேரி, த நீலகிரீஸ், த ஹிமாலயாஸ். தனிச் சிகரம், ஊர் என்றால் வேண்டாம்: எவரெஸ்ட், மதுரை.

கேள்வி: 'ஹி டிட் நாட் வென்ட்.' நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'கோ' எப்படிச் சரியாகும்?

இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. ஒரு வினைத்தொடரில் காலத்தை ஒரு முறை காட்டினால் போதும். தமிழில் 'போகவில்லை' என்பதைப் பாருங்கள். 'நேற்றுப் போகவில்லை', 'இன்று போகவில்லை' இரண்டிலும் 'போக' மாறவே இல்லை. அந்தப் 'போக' மாதிரிதான் 'கோ'.

கேள்வி: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட்' சரியா?

இல்லை. 'மழை பெய்தாலும் ஆனால் போனோம்' என்று சொல்வீர்களா? 'ஆலும்' ஒன்றே போதும். 'ஆல்தோ' அல்லது 'பட்', ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன் அம்மா. பலகையில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதியிருக்கிறது. என் பெண் அது தப்பு என்கிறாள். மாற்றணுமா?

உங்கள் பெண் சொல்வது சரி. மணல், அரிசி, தங்கம் என்பவற்றுக்கு நாம் 'கள்' போடுவதில்லை அல்லவா? ஆங்கிலம் 'ஃபர்னிச்சர்' என்பதையும் அப்படிக் குவியலாகப் பார்க்கிறது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' எல்லாம் இதே கூட்டம். தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று சொல்லிப் பழகியதால் நமக்கு 'எஸ்' தானாக வருகிறது. உடனே செலவு செய்ய வேண்டாம், அடுத்த முறை வண்ணம் அடிக்கும்போது அந்த ஓர் எழுத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் படித்தேன். ஆனால் 'எ பென் டு ரைட் வித்' என்பதுதான் சரி என்று விடைக் குறிப்பில் இருக்கிறது.

விடைக் குறிப்புதான் சரி. முடிக்கக் கூடாது என்பது லத்தீன் இலக்கணத்தைப் பார்த்து ஆங்கிலத்தின் மேல் ஏற்றிய விதி. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் இதைக் குறையாகச் சொன்னார். பிறகு வந்த இலக்கண ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் இன்றும் அப்படி முடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

தேர்வில் உண்மையான ஆபத்து அந்தச் சொல்லை விட்டுவிடுவதுதான். 'எ சேர் டு சிட்' தப்பு, 'எ சேர் டு சிட் ஆன்' சரி. 'எ ஹவுஸ் டு லிவ்' தப்பு, 'எ ஹவுஸ் டு லிவ் இன்' சரி. நாம் ஏன் விடுகிறோம் என்றால், தமிழில் 'நாற்காலியில் உட்கார்ந்தேன்' என்பது 'நான் உட்கார்ந்த நாற்காலி' ஆகும்போது அந்த 'இல்' காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அது போகாது, வால் மாதிரிக் கடைசியில் நிற்கும். இப்படிப்பட்ட தொடரைப் பார்த்தால் வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 'யூ ஹாவ் நாட் ஈட்டன்?' என்று கேட்டார்கள். நான் 'யெஸ்' என்றேன். சாப்பிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்!

'சாப்பிடவில்லையா?' 'ஆமாம், சாப்பிடவில்லை.' தமிழில் 'ஆமாம்' என்றால் நீங்கள் சொன்னது சரி என்று பொருள். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. சாப்பிட்டிருந்தால் 'யெஸ், ஐ ஹாவ்', இல்லாவிட்டால் 'நோ, ஐ ஹாவின்ட்'. அடுத்த முறை வெறும் 'யெஸ்' என்று நிறுத்தாமல் முழுதாகச் சொல்லுங்கள். 'யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?' என்பதும் நம் 'இல்லையா'விலிருந்து வந்ததே. அங்கே 'ஆரின்ட் யூ' வர வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக் குழுவோடு வேலை. 'கசின் பிரதர்', 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று சொன்னால் புரியாமல் பார்க்கிறார்கள். என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா டீச்சர்?

இல்லவே இல்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவன் ஒருவன், யாரோ ஒரு முறை திருத்தினார்கள் என்பதற்காகக் கூட்டங்களில் வாயே திறக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்ற சொல். 'முன்கூட்டி வைத்தல்' என்பதை ஒரே சொல்லில் சொல்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கம்பெனி ஆட்சி நாளில் வந்தது. அதிகாரிகளும் பட்டாளமும் தங்கியிருந்த ஊரை 'ஸ்டேஷன்' என்றார்கள். அவர்கள் போனபின் சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

'கசின் பிரதர்' பிறந்ததோ ஒரு தேவையால். பெரியப்பா மகன் நமக்கு அண்ணன். அத்தை மகன் அண்ணன் அல்ல, முறைக்காரன். ஆங்கிலம் இருவரையும் 'கசின்' என்ற ஒரே கூடையில் போட்டு, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 'அண்ணன்' என்ற உறவை விட மனமில்லாமல் 'பிரதர்' சேர்த்தோம்.

இந்தியாவுக்குள் பேச இவை எல்லாம் தாராளமாகப் போதும். வெளிநாட்டுக் குழுவுக்கு 'கசின்', 'மூவ் அப் த மீட்டிங்', 'அவுட் ஆஃப் டவுன்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மாற்றுகிறோம், அவ்வளவுதான். தேர்வில் 'கசின் பிரதர்' வந்தால் தப்பு என்று குறித்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்துக்கு இன்று விடுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர்: 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.'

பள்ளி நாளிலிருந்து நம் எல்லோர் கையும் தானாக எழுதுகிற கடிதம் இது. 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' பழைய பாணி, ஆனால் தப்பில்லை. 'சின்ஸ் டூ டேஸ்' தப்பு. 'இரண்டு நாளாக' என்பதில் வரும் 'ஆக'வுக்கு 'ஃபார்'. 'திங்கட்கிழமையிலிருந்து' என்பதில் வரும் 'இருந்து'க்கு 'சின்ஸ்'. தமிழில் 'இரண்டு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது' என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில், அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது என்றால் 'ஹாவ் பீன்' வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணத் தப்பு இல்லை, ஆனால் எந்த இரண்டு நாள் என்று தெரியவில்லை. கிழமையைப் போட்டுவிடுங்கள். இப்படி அனுப்புங்கள்: 'ஐ ஹாவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் மண்டே. கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஆன் வெட்னெஸ்டே அண்டு தர்ஸ்டே.'

அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் காய்ச்சல் விடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.