சிக்குன்குனியாவுக்குப் பிறகு செல்களுக்கு எனர்ஜி ஏற்ற முடியுமா?

கேள்வி: வயது 46. சிக்குன்குனியா வந்து ஏழு வாரம் ஆகிறது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் காலையில் விரலை மடக்க முடியவில்லை, கணுக்கால் வீங்குகிறது, ஒரே அசதி. சிவப்பு ஒளிப் படுக்கையில் பத்து முறை படுத்தால் செல்களில் எனர்ஜி ஏறி மிச்ச வைரஸும் செத்துவிடும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

இந்த வைரஸ் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு வாரம்தான். இப்போது உங்களைப் படுத்துவது, அதை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி மூட்டுகளில் இன்னும் அடங்காமல் இருப்பது. செல்லுக்குள் எனர்ஜி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பு ஒளியை உறிஞ்சும் என்பது உண்மைதான், வலிக்கு லேசர் கொடுப்பதும் உண்டு, ஆனால் உடம்புக்குள் இருக்கும் வைரஸை அந்த ஒளி கொல்லும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. எனர்ஜியை ஏற்றி வைப்பது என்பதும் நடக்காது, ஏனென்றால் செல்கள் எனர்ஜிக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்ற பொருளைச் சேர்த்து வைப்பதில்லை, அவ்வப்போது செய்து அவ்வப்போதே செலவழிக்கின்றன.

அசதி உங்கள் கற்பனை இல்லை, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வைரஸ் வந்ததும் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் ஒன்றே ஆளைப் படுக்க வைத்துவிடும். முன்பு ஹெபடைடிஸ் சி நோய்க்கு அதையே ஊசியாகப் போட்டபோது, காய்ச்சலும் உடம்புவலியும் அசதியும் வந்து பலர் துவண்டு போனார்கள்.

சரி, என்ன செய்யலாம்? காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். சூடாக வீங்கியிருக்கும் கணுக்காலுக்கு, துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். அழுத்தி எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி, அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், படுத்துவிட்டீர்கள் என்றால் பாதியாகக் குறைத்துவிடுங்கள், நன்றாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள்.

அப்புறம், கடையில் நீங்களே கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். இரண்டு நாளில் பறந்துவிடுவது போல இருக்கும், நிறுத்தியதும் வலி திரும்பி வரும், சர்க்கரையும் ஏறும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அசதிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் குறையாமல் இருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.