பாட்டியின் மணிகளை மறுபடி கோர்க்கும்போது

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பாட்டியின் தகரப் பெட்டியில் அறுந்த கருகமணிச் சரடு, பவழமும் முத்தும் கலந்த ஒரு மாலை, சதுரமான பழைய ஒரு சென்ட் நாணயம், தந்தம் என்று அம்மா சொல்லும் ஒரு பதக்கம், மடிப்பில் இழை விட்டுப்போன காஞ்சிப் பட்டுப் புடவை எல்லாம் கிடைத்தன. பட்டில் மணிவேலை செய்து சுவரில் மாட்ட ஆசை. மகளுக்கு ஒரு கழுத்தணியும் செய்ய வேண்டும். ஆரி வேலை ஓரளவு தெரியும். மணிகளை எப்படிச் சுத்தம் செய்வது? எந்த நூல் வாங்குவது? பட்டு தாங்குமா? நாணயத்தில் துளை போடலாமா?”

நாணயத்தில் துளை வேண்டாம். பட்டு தனியாகத் தாங்காது, ஆனால் தாங்க வைக்கலாம். இந்த வேலை முழுவதற்கும் நான் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறேன்: பழைய பொருள் எதுவும் பாரம் சுமக்கக் கூடாது. எடையையும் இழுவையையும் புது நூலும் புது அடித்துணியும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்டியின் பொருள் அதன்மேல் சும்மா அமர்ந்திருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் மகள் வேறு மாதிரி செய்ய நினைத்தால், ஒரு கத்தரியால் நூலை வெட்டி எல்லாவற்றையும் முழுசாகத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். அதனால் சூட்டுப் பசைத் துப்பாக்கியை இந்த மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பசை மஞ்சளாகும், விடும், விடும்போது மணியின் பூச்சையும் உரித்துக்கொண்டு போகும்.

முதலில் அறுந்த மாலையைப் பிரியுங்கள். அதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முத்துச் சரங்களில் நடுவில் பெரிய முத்தும் ஓரத்துக்குப் போகப் போகச் சிறிய முத்தும் இருக்கும். அந்த வரிசை கலைந்துவிட்டால் மறுபடி சேர்ப்பது பெரிய பாடு. ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து, மடிப்புகளுக்கு இடையே வரும் பள்ளத்தில் சரத்தைக் கிடத்தி, நூலைத் துண்டு துண்டாக வெட்டி உருவுங்கள். மணிகள் உருண்டு ஓடாது.

சுத்தம் செய்வதில்தான் நம் வீட்டுப் பழக்கம் நமக்கே எதிரியாகிறது. வெள்ளி, பித்தளை என்றாலே கை புளியைத் தேடிப் போகும். முத்தும் பவழமும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு கரையும், பளபளப்பு போனது போனதுதான். அசல் பவழமா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு விடும் சோதனையும் இதே காரணத்தால் வேண்டாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பவழத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும், பிளாஸ்டிக்கில் அச்சின் இணைப்புக் கோடு தெரியும். கண்ணாடி மணி கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. முத்தையும் பவழத்தையும் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

கருகமணி கண்ணாடிதான் என்றால் அவ்வளவு பயம் வேண்டாம். பல வருட மஞ்சளும் எண்ணெயும் துளைக்குள் கெட்டியாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ விட்டு, டீ வடிகட்டியில் மணிகளைப் போட்டு அலசுங்கள். துளைக்குள் மாட்டியிருக்கும் பழைய நூல் பிசிறை மெல்லிய ஊசியால் வெளியே தள்ளுங்கள். உட்புறம் வெள்ளி பூசிய மணிகள், முத்து மாதிரி பூச்சுப் பூசிய மணிகள் கலந்திருந்தால் அவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள், பூச்சு உரியும். கழுவியதை ஒரு நாளாவது மின்விசிறியின் கீழ் பரப்பி வையுங்கள். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் துளைக்குள் ஈரம் நிற்கும், புது நூலை அது உள்ளிருந்தே கெடுக்கும்.

இந்த ஈரப்பதத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. சில பழைய கண்ணாடி மணிகளில் காரத்தன்மையுள்ள உப்புகள் அதிகம். அவை காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். தொட்டால் சோப்புபோல வழவழப்பாக இருக்கும், சில சமயம் வெள்ளைப் பொடி படியும், நுண்ணிய வெடிப்பு ஓடும். அந்தக் கசிவு பட்ட நூல் இற்றுப்போகும், பக்கத்தில் இருக்கும் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். பாட்டியின் சரடு அறுந்தது இதனாலும் இருக்கலாம். அப்படிப்பட்ட மணிகளைக் காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று அலசித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனி டப்பாவில் வையுங்கள். பட்டில் தைக்கவே வேண்டாம்.

இனி நூல். மணி வாங்கும்போது கணக்குப் பார்க்காதவர்கள்கூட நூலில் மிச்சம் பிடிக்கிறார்கள். மாலை அறுவது பெரும்பாலும் அங்கேதான். சாதாரண தையல் நூல் வியர்வையில் இற்றுவிடும். ஒற்றை இழை நைலான் நரம்பு நாளடைவில் நீளும், பிறகு நொறுங்கும். கருகமணிக்கு ஃபயர்லைன் மாதிரி பின்னல் இழை நல்லது. மீன்பிடிக்கத் தயாரித்த நூல் அது, மணிவேலைக்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 6 பவுண்டு எடை என்று போட்டிருப்பது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் தடிமன், கருகமணிக்குள் இரண்டு முறை போய்வரும். அதன் கருஞ்சாம்பல் நிறம் முதலில் கொஞ்சம் கையில் ஒட்டும். கருகமணிக்குப் பரவாயில்லை, முத்துக்கு ஆகாது.

நூலை நம்புவதற்கு முன் மணியின் துளையைச் சோதியுங்கள். ஒரு முழ நூலை மணிக்குள் விட்டு, முப்பது தடவை முன்னும் பின்னும் இழுத்து, அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பஞ்சுபோலப் பிசிறு எழுந்திருந்தால் துளை விளிம்பு கூர்மையானது என்று அர்த்தம். வைரத்தூள் பூசிய சிறு அரம் கிடைக்கும், தண்ணீரில் நனைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பு மழுங்கும். உங்கள் பெட்டியில் குழாய் மணிகளும் இருந்தால், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு சிறு மணியைக் காவலுக்குக் கோருங்கள். நூலை அதிகம் அறுப்பவை குழாய் மணிகள்தான்.

முத்து, பவழம் இரண்டுக்கும் பட்டு நூலே சரி. ஊசி இணைத்தே அட்டையில் சுற்றி விற்கிறார்கள். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சுப் போடுங்கள். அறுந்தால் ஒன்றுதான் விழும் என்பது ஒரு லாபம். ஒன்றோடொன்று உரசாது என்பது அதைவிடப் பெரிய லாபம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் முத்து 2.5 முதல் 4.5, பவழம் 3 முதல் 4, கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஸ்படிகம் 7. கருகமணியையும் முத்தையும் முடிச்சில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்தால் கண்ணாடி முத்தைத் தின்றுவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கழுத்தணியை முத்தும் பவழமுமாக மட்டும் செய்வேன், கருகமணி முழுவதையும் சுவர்ப் படைப்புக்குக் கொடுப்பேன். உங்கள் மகள் அடிக்கடி அணிந்தால் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பட்டு நூலை மாற்ற வேண்டும். பவுடர், வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டி, கழற்றியதும் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பட்டுக்கு வருவோம். புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக ஒளி தெரியும் இடங்கள் பலவீனமானவை. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த இடம்தான் முதலில் விடும். கத்தரி வைக்கும் முன் சரிகையையும் பாருங்கள். அசல் காஞ்சிச் சரிகை, பட்டு இழையில் வெள்ளிக் கம்பி சுற்றி அதன்மேல் தங்க முலாம் பூசியது. பழைய புடவைகளில் அந்த வெள்ளிக்கே நல்ல மதிப்பு உண்டு, வெட்டிய பிறகு வருந்திப் பயனில்லை. முழுப் புடவையையும் வெட்டாமல் கிழிந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்தானையை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

துவைத்துச் சுருக்கம் போக்கிய காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். பட்டை இழுத்துக் கட்டாதீர்கள். காடாவின்மேல் பட்டைத் தளர்வாகப் பரப்பி ஓட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கள். விட்டுப்போன இடங்களின்மேல் அதே நிறத்தில் மெல்லிய வலைத் துணி வைத்துத் தைத்தால் இழைகள் மேலும் பிரியாது. இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஒட்டும் உள்துணி பழைய பட்டுக்கு வேண்டாம். ஒருமுறை ஒட்டினால் பிரிக்க வழியில்லை.

ஆரி தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். புது ரவிக்கைக்கு ஆரி அருமையான வேலை, இந்த வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆரித் தையல் கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல், ஒரே நூலின் வளையங்கள். ஒரு முனை விட்டு எங்காவது மாட்டினால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும், பாட்டியின் மணிகள் தரையில் கிடக்கும். 11 அல்லது 12 எண் மணி ஊசியால் கையாலேயே தையுங்கள் (எண் கூடக் கூட ஊசி மெலியும்). மூன்று மணி கோர்த்து ஊசியைக் கீழே இறக்குங்கள், இரண்டாவது மணிக்கும் மூன்றாவது மணிக்கும் நடுவே மேலே ஏற்றுங்கள், மூன்றாவது மணிக்குள் மறுபடி செலுத்துங்கள், பிறகு அடுத்த மூன்று. ஒவ்வொரு பத்து மணிக்கும் துணியின் பின்புறம் ஒரு முடிச்சு. ஊசி எப்போதும் காடாவையும் சேர்த்துக் குத்த வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் நிற்கும்.

நாணயத்துக்கும் நூலே போதும். வட்ட முனைகள் கொண்ட அந்தச் சதுர ஒரு சென்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலத்து நீரிணைக் குடியேற்ற நாணயமாக இருக்கலாம், அதற்குப் பிந்தைய மலாயா நாணயமாகவும் இருக்கலாம், பின்புறம் ஆண்டைப் பாருங்கள். துளையிட்டால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு விழும். துணியில் வைத்து அதைச் சுற்றி 11 எண் சிறு மணிகளால் (ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும்) ஒரு வேலி தையுங்கள். அதன்மேல் இரண்டு வரிசை மணி ஏற்றி, கடைசி வரிசையை அதைவிடச் சிறிய 15 எண் மணியால் கட்டி நூலை இழுங்கள். மணி சிறியதாவதால் வாய் தானாகக் குறுகி நாணயத்தின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பழைய பொத்தான், கண்ணாடிக் கல், ஊக்குப் போன புரோச் எல்லாவற்றையும் இப்படியே பதிக்கலாம்.

பதக்கத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். ஒரே சீராக இணைகோடுகள் ஓடினால் அது செல்லுலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, செய்யவே கூடாது, செல்லுலாய்டு தீப்பற்றும். விரலால் நன்றாகத் தேய்த்து முகருங்கள், கற்பூர வாசனை வந்தால் விஷயம் முடிந்தது. செல்லுலாய்டு நாள்பட அமில வாயுவை வெளிவிடும், பக்கத்தில் உள்ள உலோகத்தையும் துணியையும் கெடுக்கும். காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். தந்தமாகவே இருந்தால் வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தப் பொருட்களை விற்பதும் விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் தடை. இணையத்தில் விற்பனைக்குப் போடுவதும் கூடாது. ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்ல நினைத்தால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரானாக்கான் அரும்பொருளகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் தைத்த ஒரு மேசை விரிப்பு அங்கே இருக்கிறது. மணிச் செருப்புகளையும் நிதானமாகப் பாருங்கள். இன்று கிடைப்பதைவிடப் பொடியான மணிகள், கண்கூசாத நிறங்கள். மணி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1984இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. அதற்கும் பல நூற்றாண்டுக்கு முன்பே அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கருகமணி அவ்வளவு பழையது என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு நீண்ட வரிசையில் அதற்கும் இடம் உண்டு.

குறைந்த மணிக்கு ஈடு தேட அரப் ஸ்திரீட் பக்கத்துக் கடைகளும், சைனாடவுன் பீப்பள்ஸ் பார்க் வட்டாரத்துத் தையல் பொருள் கடைகளும் நல்லவை. சரிகைக் கரைத் துண்டு வேண்டுமானால் தேக்கா நிலையத்து மாடியில் தையல்காரர்களிடம் கேளுங்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடிய பிறகு பழைய பொருளுக்கு அறக்கொடைக் கடைகளையும் கரோசல் இணையச் சந்தையையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே வாங்கும் பழைய போலி நகைகளில் ஈயமும் நிக்கலும் இருக்கலாம், சிறு பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். போகும்போது பாட்டியின் மணி இரண்டை வெள்ளை நூலில் கட்டி எடுத்துப் போங்கள். கடை விளக்கில் எல்லாக் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று நீலமோடும், ஒன்று ஊதா ஓடும். பொருந்தவே இல்லையென்றால் வேறு நிறத்தையே வாங்குங்கள், கிட்டத்தட்ட ஒத்த கறுப்பைவிட அது அழகாக அமரும்.